காத்து மாமாவின் முகம்

முதலில் அம்மா தன் முகத்தைக் காட்டினாள். இல்லை என்றது டேப்லெட். அப்பா காட்டினார். அதற்கும் இல்லை. அம்மாவின் தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை காட்டிப் பார்த்தான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது, அதுவும் தவறினால் கணக்கு நாளை வரை பூட்டப்படும்.

"இனிமே யாரும் தொடாதீங்க," என்றார் போலீஸ்காரம்மா. "அப்படியே மேசை மேல வைங்க."

தம்பிக்காரன் வைத்தான். வைத்த கையோடு, "எனக்கு அந்த டியூஷன் வாத்தியார் மேலதான் சந்தேகம். அவனைக் கூட்டிட்டு வரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

அவன் இடித்துக்கொண்டு போனது வாசற்கதவை ஒட்டி நின்ற காத்து மாமாவை. காத்து மாமா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் அவர். பஞ்சர் ஒட்டக் காசு வாங்குவார், காற்றடிக்க வாங்கமாட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள், கல்யாணம் ஆகவில்லை, கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். தலையில் ஒரு முடி கிடையாது, அதற்கும் சேர்த்துத் தாடியில் இருந்தது, அதுவும் முக்கால்வாசி வெள்ளை. இந்த முகத்தைப் பார்த்து வயசு என்ன என்று யாரும் கேட்டதில்லை.

அவர் அந்த வீட்டுக்கு வந்தது சைக்கிளைக் கொண்டுவந்து விட. பள்ளி விட்டதும் அந்தப் பெண் கடைக்கு வந்து, "மாமா, செயின் லூசா இருக்கு, பாத்து வைங்க, அப்பறம் வந்து எடுத்துக்கறேன்," என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனாள். செயினில் ஒரு கோளாறும் இல்லை. அதை அப்போதே கவனித்தார். பிள்ளைகள் சொல்வதில் பாதி இப்படித்தான் என்று விட்டுவிட்டார். பொழுது சாய்ந்தும் அவள் வராததால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, படியேறி மணியை அடித்தால், கதவைத் திறந்த தாய்க்காரி அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தாள். "அவ எங்கே?" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். தோழிகள் வீட்டிலும் அவள் இல்லை. ஃபோன் அணைந்து கிடந்தது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கும் அம்மா, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். பஸ் ஓட்டும் அப்பா பணிமனையிலிருந்து காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். போலீஸ்காரம்மா வந்து மகளின் மேசையைத் துழாவி இந்தப் பழைய டேப்லெட்டை எடுத்தார். அவள் ஃபோனில் இருக்கும் செயலிதான் இதிலும். உள்ளே போனால் யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று தெரிந்துவிடும். போகத்தான் முடியவில்லை.

முகங்களைக் காட்டிப் பார்ப்பதற்கு முன்பே போலீஸ்காரம்மா அந்தச் செயலிக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டதை எல்லாரும் நின்று கேட்டார்கள். பேசி முடித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்க முகத்தைப் படமா வெச்சுக்கறதில்லையாம். ஒரு தடவை பாத்து, பெரியவங்களா சின்னவங்களான்னு முடிவு பண்ணிட்டு அழிச்சுடுவாங்களாம். அப்பறம் அதே ஆளான்னு பாக்க முகத்துலேருந்து எடுத்த ஏதோ நம்பர் மட்டும் இருக்குமாம். உள்ளே இருக்கறதைக் குடுக்கணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும். அதுக்கு நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கா?" என்றாள் அம்மா.

"அந்த ரூலைக் குத்தம் சொல்ல மாட்டேன்மா. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா ஊர்ப் பிள்ளைங்க படம் அத்தனையும் சந்தைக்கு வந்துடும். ஆனா ஒண்ணு சொன்னாங்க." போலீஸ்காரம்மா டேப்லெட்டைக் காட்டினார். "பதிமூணு வயசுப் பொண்ணோட கணக்கு. ஆனா பெரியவங்கன்னு பதிவாயிருக்கு. அப்படின்னா யாரோ ஒரு பெரிய ஆளு இவளுக்காக மூஞ்சியைக் காட்டியிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா பொண்ணு எங்கேன்னு தெரிஞ்சுடும்."

அப்பா மேசையில் ஓங்கிக் குத்தினார். "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

அம்மா யாரோ வந்தவருக்குக் கொடுப்பதைப்போலக் கொடுத்த தண்ணீர் டம்ளர் காத்து மாமாவின் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பு அலமாரி மேல் வைத்தார். அந்த மூஞ்சி அவருடையது.

சட்டம் வந்தது போன வருஷம். நல்ல சட்டம்தான். பெரியவர்கள் புழங்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? கணக்குத் திறக்கும்போது கேமரா முகத்தைப் பார்க்கும். பதினெட்டு ஆனவர் என்று தோன்றினால் விட்டுவிடும். இல்லையென்றால் பிள்ளைகள் பக்கம் தள்ளும். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவன் ஒரு வரி அனுப்ப முடியாது, யாரோடு பேசினாய் என்று வாரம் ஒரு தடவை வீட்டுக்குத் தகவல் போகும். கடைசியில் சொன்னதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. நமக்குத்தான் பிடிக்குமா என்ன? சட்டம் போடுகிறவர்கள் பூட்டைப் பற்றி நன்றாக யோசித்தார்கள், சாவி தெருவில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதை யோசிக்கவில்லை.

முதலில் ஒரு பையன் வந்தான். காத்து மாமாவின் இரண்டு கையும் கிரீஸில் இருக்கும்போது, "மாமா, இங்க பாருங்க," என்று ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தான். பார்த்தார். பையன் நன்றி சொல்லிவிட்டு ஓடினான். படம் எடுத்தான் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். விஷயம் புரிந்தபோது அதட்டத்தான் செய்தார், ஆனால் அந்த அதட்டலில் காற்று இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. "எங்க அம்மாகிட்ட கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க மாமா. நீங்கன்னா ஒண்ணும் கேக்க மாட்டீங்க." உண்மைதான், அவர் ஒன்றும் கேட்டதில்லை. செயலி கொஞ்ச நாளைக்கு ஒருமுறை அதே ஆள்தானா என்று மறுபடி முகம் கேட்கும். அதனால் இறங்காத டயருக்கும் காற்றடிக்க வந்தார்கள். சாயங்காலமானால் கடை முன்னால் கூட்டம், சிரிப்பு, மாமா மாமா என்று அழைப்பு. தனியாளுக்கு அது பிடித்திருந்தது. யாரை ஏமாற்றினாலும் நம்மை ஏமாற்றக் கூடாது. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்தப் பெண் போனமுறை வந்தபோது அவர் ஃபோனைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க மாமா, சிரிச்சா உங்களுக்கு வயசு குறையுது," என்றாள். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு சிரித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"நான் கீழே போயி சைக்கிளைப் பூட்டிட்டு வரேன்," என்றார் இப்போது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

படிக்கட்டில் இறங்கினார். சுவரில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெரு வாசலில் சைக்கிள் அவர் சாய்த்தபடியே இருந்தது. இப்படியே நடந்தால் நாலு தெரு தள்ளிக் கடை. ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தால் யாருக்குத் தெரியும்? படம் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், சொன்னால் அவர்கள் கணக்கும் போகும். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்க முடியாது என்பார்கள். இங்கே கொட்டியது அவரை, துடிப்பது வேறு யாரோ.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. கல்யாணம் ஆகாத கிழவன், பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை, காசு வாங்காமல் காற்றடிக்கிறான், பதிமூன்று வயதுப் பெண்ணின் கணக்கு இவன் முகத்துக்குத் திறக்கிறது. இதைக் கேட்ட பிறகு யாராவது மிச்சக் கதையைக் கேட்பார்களா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அந்த வீட்டில் இருப்பவர்கள் அவரை அடித்தாலும் பரவாயில்லை. நாளையிலிருந்து எந்தத் தாயும் பிள்ளையை அந்தப் பக்கம் விடமாட்டாள்.

அப்போது தம்பிக்காரன் திரும்பி வந்தான். டியூஷன் வாத்தியாரைச் சட்டைக் காலரோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஒல்லியான இளைஞன். ஒரு கால் செருப்பு எங்கோ விழுந்திருந்தது, உதட்டில் ரத்தம். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் கணக்குப் பாடம் மட்டும்தான் எடுக்கறேன் சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இருவரும் அவரைக் கடந்து படியேறினார்கள்.

இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அதை இந்தப் பையனின் முகத்தில் வீணாக்கப் போகிறார்கள். அப்புறம் நாளை வரை யார் முகத்தைக் காட்டினாலும் திறக்காது, அவருடையதும் சேர்த்துத்தான்.

காத்து மாமா படியேறினார். ஏறும்போதே மூச்சு வாங்கியது. உள்ளே தம்பிக்காரன் டேப்லெட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தான். அப்பா வாத்தியாரின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "பொறுங்க," என்றார் போலீஸ்காரம்மா, ஆனால் அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"அவரை விட்டுடுங்க," என்றார் காத்து மாமா. "அது என் மூஞ்சி."

யாருக்கும் புரியவில்லை. அம்மாதான் முதலில் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"கணக்குத் திறக்க மூஞ்சி காட்டினது நான்தான். பாப்பா கேட்டுச்சு, காட்டினேன். அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. முதல்ல தொறந்து பாருங்க, அப்பறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

அப்பா வாத்தியாரை விட்டார். விட்ட கை நேராக வந்து காத்து மாமாவின் கழுத்தைப் பிடித்தது. பஸ் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய கை. சுவரில் தலை மோதியது. "எங்கேடா அவ? என் பொண்ணை என்னடா பண்ணினே?" என்று அவர் கத்தினார். கத்தல் அழுகையாக மாறியது, ஆனாலும் பிடி தளரவில்லை. போலீஸ்காரம்மா இடையில் புகுந்து அந்தக் கையைப் பிரித்தார்.

"இவரைக் கொன்னுட்டா டேப்லெட்டு யாருக்குத் தொறக்கும்? தள்ளுங்க!"

டேப்லெட்டை அவர் முகத்துக்கு எதிரே பிடித்தார்கள். திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவர் முகம். கண்ணில் நீர் முட்டியிருந்தது, கழுத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. முகத்தை இடப்பக்கம் திருப்பவும் என்றது, திருப்பினார். வலப்பக்கம் என்றது. திறக்காமல் போய்விட்டால் என்று ஒரு கணம் நினைத்தார். அழுத முகத்தை அதற்கு அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்வது? வட்டம் பச்சையானது. மீண்டும் நல்வரவு என்று அவரை அந்தப் பெண்ணின் செல்லப்பெயர் சொல்லி வரவேற்றது.

அவர் குற்றம் நிரூபணமாகிவிட்டது.

போலீஸ்காரம்மா விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு 'பாட்டு அக்கா'. கல்லூரியில் படிக்கிறவளாம். உன் குரல் லேசுப்பட்ட குரல் இல்லை, பதிவு பண்ணிப் போட்டால் ஊரே பேசும் என்று வாரக்கணக்கில் எழுதியிருந்தாள். நடு நடுவே பெண் எழுதியதும் இருந்தது. அம்மா அதை வாய்விட்டே படித்துவிட்டாள். "எங்க வீட்டுல நான் பாடினா அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. அவங்களுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதுன்னு நினைக்கறேன்."

"போதும்மா," என்று போலீஸ்காரம்மா டேப்லெட்டை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். "தேடறதுக்கு வேண்டியதை மட்டும் நான் படிக்கறேன். மத்தது அவளோடது." கடைசிக்குப் போய்ப் படித்தார். "இன்னிக்கு மத்தியானம் வந்தது. சைக்கிளை எங்கயாவது விட்டுட்டு எட்டு மணி ஏரிக்கரை பஸ்ஸுல ஏறு, கடைசி நிறுத்தத்துல இறங்கு, என் அண்ணன் கார்ல வந்து கூட்டிட்டுப் போவான், ஃபோனை அணைச்சு வெச்சுடு."

அப்பா அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார். அந்த வழித்தடத்தில் அந்த நேரத்துக்கு யார் ஓட்டுவார் என்று அவருக்குப் பட்டியல் பார்க்க வேண்டியதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது ஃபோனை எடுக்காத நல்ல டிரைவர் அவர். அன்றைக்கு மட்டும் அந்த நல்ல பழக்கத்தை எல்லாரும் மனசுக்குள் சபித்தார்கள். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, வண்டியை ஓரங்கட்டிட்டு உள்ளே பாருங்க. ஸ்கூல் யூனிஃபார்ம்ல என் பொண்ணு இருக்காளா? ரெட்டைப் பின்னல்."

காத்திருந்தார்கள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யூனிஃபார்ம் இல்லையே தம்பி," என்றது ஃபோன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வேற சட்டை போட்டுட்டு, பையை மடியில வெச்சுட்டு ஒரு பாப்பா ஜன்னல் ஓரமா இருக்கு. பின்னல் ரெட்டைதான். அட, நம்ம வீட்டுக் குட்டியேதான்!"

"இறக்கிடாதீங்க. கதவைத் தொறக்காதீங்க அண்ணே. யாரு கத்தினாலும் தொறக்காதீங்க."

அந்த பஸ் அன்றைக்குக் கடைசி நிறுத்தத்துக்குப் போகவில்லை. அத்தனை பயணிகளோடும் நேராகக் காவல் நிலையத்துக்கு வந்து நின்றது. கடைசி நிறுத்தத்தில் காரோடு காத்திருந்தவனை வேறு போலீஸ்காரர்கள் போய்ப் பிடித்தார்கள். அண்ணனும் அவனே, பாட்டு அக்காவும் அவனே.

காத்து மாமாவையும் ஜீப்பில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போலீஸ்காரம்மா எதிரே நின்றார்.

"உங்களால கிடைச்சாள்னு நினைச்சுக்காதீங்க. பிள்ளைகள் பக்கத்துல கணக்கு இருந்திருந்தா அவன் இவளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்க முடியாது. கதவைத் தொறந்து விட்டதே உங்க மூஞ்சிதான்."

"தெரியும்மா."

"இன்னும் எத்தனை பிள்ளைங்களுக்குக் காட்டியிருக்கீங்க?"

"எண்ணலைம்மா. வந்தவங்களுக்கெல்லாம் காட்டினேன்."

போலீஸ்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வழக்கு உண்டு, கூப்பிட்டபோது வர வேண்டும் என்று எழுதி வாங்கினார். "அந்தப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரையும் தனியா வெச்சுத்தான் பேசணும். இங்க ஒரு அறை ஒதுக்கறேன். நீங்களும் வரணும். அதுவரைக்கும் யாருக்கும் தொறந்து விடாதீங்க," என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணை உள்ளேயிருந்து கூட்டிவந்தார்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அவரைப் பார்த்ததும் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது, அழுதுதான் வீங்கியதோ வேறு எதனாலோ. காரோடு நின்றவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அம்மா காதில் விழாதபடி கேட்டாள்.

"எல்லாத்தையும் படிச்சுட்டாங்களா மாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போய்விட்டாள். உயிர் தப்பி வந்த பிள்ளை அப்படிக் கூனிக்கொண்டு நடந்து போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கலாமா என்று யோசித்தார். ஓடி ஒளிந்தால் ஊர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடும் என்று ஷட்டரைத் தூக்கினார். வெளியே கூட்டம் நின்றது. கல்லெறிய வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அவர்கள் கையில் இருந்தது கல் அல்ல. ஒவ்வொரு அப்பா கையிலும், அம்மா கையிலும் ஒரு ஃபோன். பயந்துபோன பிள்ளைகள் கணக்கை மூடிவிட்டதால் எல்லாம் மறுபடி முகம் கேட்டு நின்றன. பின்னால் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். சிலதுக்குக் கை மணிக்கட்டில் பெற்றவர் பிடி. நேற்று வரை மாமா மாமா என்ற பிள்ளைகளில் ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்னால் நின்றவர் மரக்கடைக்காரர். வாய் பேசுமுன் கை பேசுகிற மனுஷன் என்று தெருவுக்கே தெரியும். அவர் மகனுக்குக் குச்சி என்று பட்டப்பெயர். மரக்கடைக்காரர் மகன் குச்சி என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். இன்றைக்கு அவன் சட்டைக் காலர் அப்பாவின் இடது கையில் இருந்தது.

"தொற," என்று ஃபோனை நீட்டினார்.

"அண்ணே, போலீஸ்காரம்மா எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க. பிள்ளைங்களோட தனியா பேசுவாங்க. அங்க நான் தொறந்து..."

"போலீஸ் பாக்கலாம், பெத்த அப்பன் பாக்கக் கூடாதா? அந்தப் பொண்ணுக்குத் தொறந்தேல்ல? எம்புள்ளை எவனோட கார்லயாவது ஏறினப்பறம்தான் தொறப்பியா?"

கூட்டம் ஆமாம் என்றது. நியாயமான கேள்வி. அதைக் கேட்க எல்லாருக்கும் உரிமை இருந்தது, மறுத்துப் பேசத்தான் காத்து மாமாவுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவர் குனிந்து பையனைப் பார்த்தார்.

"டேய், யாராவது உன்னை எங்கயாவது வரச் சொன்னாங்களா? முன்னப்பின்ன தெரியாதவங்க?"

பையன் இல்லை என்று தலையாட்டினான்.

"நிஜமா? எங்கிட்ட சொல்ல வேணாம், போலீஸ்காரம்மாகிட்ட சொல்றியா?"

அதற்கும் தலையாட்டினான், ஆமாம் என்பதாகவும் இருக்கலாம். உடம்பெல்லாம் நடுங்கியது.

"எதுக்குடா பயப்படறே?"

பையன் ஃபோனைப் பார்க்கவில்லை. காலரைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தான்.

"என்னடா விசாரணை?" என்று மரக்கடைக்காரர் மகனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். ஃபோனைக் காத்து மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். இன்னொரு கையால் தாடியோடு சேர்த்துத் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். திரையில் வட்டம் வந்தது, வட்டத்துக்குள் அவர் முகம் வந்தது.

காத்து மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்களைத் திறக்கவும்," என்றது ஃபோன், ஒரு பெண் குரலில், ரொம்ப மரியாதையாக.

"தொறடா!"

இந்தப் பிள்ளையையும் எவனாவது பஸ் ஏறச் சொல்லியிருந்தால்? தலையாட்டியது பொய்யாக இருந்தால்? இன்றைக்கே சாயங்காலம் இன்னொரு சைக்கிள் இந்தக் கடையில் சாய்ந்து கிடந்தால்? தெரியவில்லை. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நேற்று திறந்தது சரி என்றால் இன்றைக்கு மூடியது எப்படிச் சரியாகும் என்றும் தெரியவில்லை. பக்கத்தில் பையன் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஓடிக் களைத்தவன் விடுகிற மூச்சு.

அறை விழுந்தது. காதுக்குள் ங்ஙொய் என்றது. பின்னால் யாரோ, இன்னும் ரெண்டு போடுங்க, தானா தொறப்பான் என்றார்கள்.

"கண்களைத் திறக்கவும்."

கையால் துழாவிக் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். இமையை இன்னும் இறுக்கினார். மறுபடி அறை விழுந்தது. அவர் திறக்கவில்லை.